கிணற்றுக்கு வந்த கப்பல் கணக்கு

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கப்பல் வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த கோடையில், கடலே இல்லாத எங்கள் ஊர் அடி அண்ணாமலைக்குக் கடல்காரர்களின் கணக்கு வந்து சேர்ந்தது.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுக் கிணறு, ஒரே மோட்டார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச நாலு மணி நேரத்துக்கு ஒருவர் முறை. நாளுக்கு ஆறு முறை, இரட்டைப்படை என்பதால் நள்ளிரவு தினமும் அப்பாவுக்கே விழும். "படிக்கிற புள்ள தூங்கணும்" என்று என்னை அனுப்பவும் மாட்டார். தூக்கம் கெட்டு, ஒருநாள் பட்டப்பகலில் வரப்பிலிருந்து விழுந்தேவிட்டார். பெரியப்பாவுக்கோ உச்சி வெயில் முறை. வோல்டேஜ் கம்மி, தண்ணீர் நூலாக வரும். வாரா வாரம் முறையை மாற்றிப் பார்த்தார்கள். "போன வாரமும் நாங்கதானே முழிச்சோம்?" என்று பெரியம்மா ஆரம்பிக்க, அதுவும் நின்றுபோனது.

அப்போதுதான் நூலகப் புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்தது. பழைய கப்பல்களில் அரைமணி நேர மணல் குடுவை இருக்கும். மணல் இறங்கியதும் குடுவையைத் திருப்பி வைத்து மணி அடிப்பார்கள். முதல் தடவை ஒரு அடி, அடுத்து இரண்டு. எட்டு அடி கேட்டால் நாலு மணி நேரம் முடிந்தது, காவல் மாறும். அங்கேயும் இரண்டே கூட்டம்! அங்கேயும் அதே நள்ளிரவுத் தொல்லை! அதற்காக மாலைக் காவலை இரண்டாக உடைத்திருந்தார்கள். புத்தகத்தோடு களத்துக்கு ஓடினேன்.

முழு வேர்க்கடலை எங்கள் முறை, உரித்த பருப்பு பெரியப்பா முறை என்று சாக்கின்மேல் நள்ளிரவிலிருந்து வரிசையாக வைத்தேன். ஆர்வத்தில் மாலை முறையோடு, அதற்கடுத்த முறையையும் இரண்டிரண்டாக உடைத்துவிட்டேன்.

பெரியப்பா விரல் வைத்து எண்ணினார். "எட்டு வருதேடா. மறுபடியும் உங்கப்பன்தானே ராவுக்கு எழுந்துக்கணும்? இதுக்கா காலேஜு?"

"கப்பலு கவுந்துடுச்சு" என்று பெரியம்மா வரிசையின் கடைசிப் பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சாக்கில் ஏழு இருந்தது.

"அதான் பெரியம்மா! ஒத்தைப்படையா ஏழுதான் வரணும்! நாலுலருந்து எட்டு வரைக்கும் மட்டும் ரெண்டா பிரிக்கணும்!"

மறுநாளையும் அடுக்கினேன். நள்ளிரவில் பருப்பு வந்து உட்கார்ந்தது, உச்சி வெயிலில் முழுக்கடலை. அதற்கடுத்த நாள் தானாகவே திரும்ப மாறியது. யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டாம், சண்டை போட வேண்டாம்.

பெரியப்பா என்னை முறைத்தார். "நாளைக்கு மத்தியான வெயிலு உங்களுக்கா?"

"ஆமா பெரியப்பா."

"அப்ப சரி."

அன்று மாலை ஆறு மணிக்கு முதல் தடவையாக முறை பாதியில் கைமாறியது.

விடியற்காலை நாலு மணி முறைக்கு நானே போனேன். எட்டு மணிக்கு மோட்டாரைப் பெரியப்பா வீட்டாரிடம் ஒப்படைக்கவேண்டும் என்று யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. நானே ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா அப்போதுதான் பாயிலிருந்து அடித்துப்பிடித்து எழுந்துகொண்டிருந்தார்.

"அய்யய்யோ, ராத்திரி முறை போயிடுச்சா?" என்று துண்டைத் தேடினார்.

"உங்க அண்ணன் பாய்ச்சிட்டுப் போயிட்டாரு" என்றாள் அம்மா. "காப்பி ஆறுது, குடிங்க."