மாட்டாஸ்பத்திரிக்கு ஒரு வாட்ச்மேன்

கால்நடைத் துறை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். அத்தனை வருடமும் மாடுகளைப் பற்றி எழுதினேனே தவிர ஒரு மாட்டையும் தொட்டதில்லை. தாயில்பட்டிக்குப் பக்கத்தில் என் வீட்டை ஒட்டியிருக்கும் பால்வாடியின் டீச்சருக்கு இந்த நுணுக்கம் விளங்கவில்லை.

"சார், நீங்க மாட்டு டாக்டர்தானே?"

"இல்லம்மா. மாட்டு டாக்டர்களோட லீவு லெட்டரைப் பார்த்தவன்."

"ரெண்டும் ஒண்ணுதான். ஒரு உதவி செய்யணுமே."

விஷயம் ஒரு நான்கு வயதுப் பெண்ணைப் பற்றியது. அவள் அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. கம்பெனி வேன் காலை எட்டு மணிக்குப் பால்வாடி முக்கில் வந்து நிற்கும். அந்த வேனில் போகும் அம்மாக்களுக்காகவே டீச்சர் குறித்த நேரத்துக்கு முன்பே கதவைத் திறந்துவிடுவார். விதிப்படி தவறு, நான் கண்டுகொள்வதில்லை. சேர்ந்து ஒரு மாதமாகியும் பிள்ளை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழும். இரண்டு முறை வேன் போயே விட்டது. போர்மேன் கறாராகச் சொல்லிவிட்டாராம்: "இன்னொரு தரம் வரலைன்னா வேற ஆளப் போட்ருவேன். சீசன் நேரத்துல உம் பிள்ளைய அமத்திக்கிட்டு இருக்க முடியாது."

பிள்ளைக்கு ஆடு மாடு என்றால் உயிர். அதனால் பால்வாடியின் ஒரு மூலையில் விளையாட்டு மாட்டாஸ்பத்திரி வைத்தால் அழுகையை மறக்கும் என்பது டீச்சரின் கணக்கு.

ஆஸ்பத்திரி என்பது டாக்டரில் தொடங்குவதில்லை, பதிவேட்டில் தொடங்குகிறது. காலிப் பட்டாசுப் பெட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பி, சீட்டுக் கொடுக்கும் இடம், காத்திருக்கும் இடம், சிகிச்சை அறை, மருந்து கொடுக்கும் இடம் என்று பிரித்தேன். சிவகாசி அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கம் கோடு போட்டேன். வரிசை எண், உரிமையாளர் பெயர், கால்நடை வகை, நோய், சிகிச்சை, குறிப்பு.

"சார், இதுகள்ல ஒண்ணுக்கும் எழுதத் தெரியாது."

"கைநாட்டு வைக்கட்டும்."

நோயாளிகள் மூன்று. துணி மாடு, மூன்று கால் பிளாஸ்டிக் ஆடு, ஒரு கரடி பொம்மை. கரடி வனத்துறையின் பொறுப்பு, நாம் சேர்த்துக்கொள்ள முடியாது என்றேன். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கரடி அனுமதிக்கப்பட்டது.

திறப்பு விழாவன்று எல்லாப் பிள்ளைகளும் டாக்டர் ஆனார்கள். ஒரு மாட்டின் மேல் ஏழு டாக்டர்கள். ஒருவன் பேனா மூடியால் ஊசி போட்டான். நான் கொடுத்த டோக்கனை இன்னொருவன் கிழித்து மாட்டுக்கு ஊட்டினான். மாடு காகிதம் தின்னும் என்பது அவன் தெருவில் கண்ட உண்மை. மருந்து கொடுக்கும் இடத்தில் வைத்திருந்த பொட்டுக்கடலை வேகமாகக் குறைந்தது.

"ஏலே, அது மாத்திரைலே!" என்றார் டீச்சர்.

"பசிக்குது டீச்சர்."

நம்முடைய பிள்ளை மட்டும் எதிலும் சேரவில்லை. அன்று வேன் டிரைவர் டீ குடிக்கப் போனதால் அம்மா எப்படியோ பிய்த்துக்கொண்டு ஓடிவிட்டாள். இவள் பெட்டிச் சுவரின் வாசலில் நின்று தேம்பிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு எந்த டிரைவர் டீ குடிப்பான்?" என்று டீச்சர் கவலைப்பட்டார்.

அப்போது ஒரு பையன் ஆட்டைத் தூக்கிக்கொண்டு அவளை இடித்து உள்ளே நுழையப் பார்த்தான். அவள் கையை நீட்டி மறித்தாள்.

"நில்லு. செருப்பக் கழட்டு."

கழட்டினான்.

"கையத் தூக்கு. தீப்பெட்டி இருக்கா? பீடி இருக்கா?"

"இல்ல."

இடுப்பைத் தட்டிப் பார்த்தாள். ஆட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்து அதன் வயிற்றையும் தட்டினாள். "உள்ள போ."

பட்டாசுக் கம்பெனி வாசலில் தினமும் நடக்கும் சோதனை அது. ஆயுத பூஜைக்கு அம்மாவோடு போனவள் பார்த்திருக்கிறாள். அங்கே வண்ண மத்தாப்பு, பொரி எல்லாம் இருந்திருக்கும். இவள் மனத்தில் நின்றது வாசல் மட்டும்.

"மாட்டாஸ்பத்திரியில் சோதனை போடும் நடைமுறை கிடையாது" என்றேன்.

"சார், கொஞ்சம் பேசாம இருக்கீகளா? அழுகை நின்னுருச்சு."

அடுத்த சோதனை எனக்கு. சட்டைப்பையிலிருந்து செல்போன் பிடிபட்டது.

"இது உள்ள ஆகாது தாத்தா. வெடிச்சிரும்."

"எது? மாடா?"

"எல்லாந்தான்."

போனை ஒப்படைத்தேன். ரசீது கேட்கத் தோன்றியது; கேட்கவில்லை. அதற்குள் வாசலில் வரிசை நின்றிருந்தது. நான் டோக்கன் கொடுத்தும் உண்டாக்க முடியாத வரிசை.

மறுநாள் காலை நான் காம்பவுண்டு ஓரத்தில் நின்று பார்த்தேன். அம்மா பாதிப் பின்னிய தலையோடு, இழுபறிக்குத் தயாராக வந்தாள். மகள் அவள் கையை உதறிவிட்டு முன்னால் ஓடி வாசலில் நின்றுகொண்டாள். தூக்குவாளியோடு பின்னால் வந்த அம்மாவையும் மறித்தாள்.

"நில்லு. கையத் தூக்கு."

முக்கில் வேன் ஹாரன் அடித்தது. அம்மா இரண்டு கைகளையும் தூக்கினாள். விளையாட்டுக்குத் தூக்கியது மாதிரி தெரியவில்லை. தினமும் தூக்கும் கைகள், தானாக உயர்ந்தன. மகள் இடுப்பைத் தட்டி, வாளியைத் திறந்து முகர்ந்து, திருப்தியானாள்.

"சரி, நீ போ."

அம்மா போகவில்லை. "ஏட்டி, அம்மாவுக்கு டாட்டா சொல்ல மாட்டியா?"

"வேலை நேரத்துல பேசக் கூடாது."

அம்மாவின் உதடு கோணியது. டீச்சர் பதறிப்போனார். "அது அழுகைய நிறுத்திருச்சுன்னு நீ ஆரம்பிக்காத தாயி! ஓடு!"

ஓடினாள். நகரத் தொடங்கிய வேனின் உள்ளேயிருந்து ஒரு கை அவளை இழுத்து ஏற்றிக்கொண்டது. ஜன்னல் வழியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், கையை ஆட்டினாள். மகள் திரும்பவில்லை. கரடியின் கக்கத்தில் ஏதோ தட்டுப்பட்டிருந்தது.