பாஞ்சாலி மாநாட்டுக்குக் கொண்டுபோன கயிறு

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்ற பாஞ்சாலியிடம் வாய் கொடுத்துத் தப்பியவர் யாரும் இல்லை. கொசுறு கேட்ட கண்டக்டரையே, "டிக்கெட்டுக்குக் கொசுறா என்னைய ரெண்டு ஸ்டாப்பு தள்ளி எறக்கி வுடுவியா?" என்று மடக்கியவள். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இரண்டு கால்களையும் முடக்கியது. நாக்குப் பக்கம் போகப் பயந்துவிட்டது போலிருக்கிறது. கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, தரையோடு தரையாக நகர்ந்தே சமையல், துவையல் எல்லாம் முடிப்பாள். கடைக்குப் போக மட்டும் அண்ணன் முருகையன் வேண்டும். தினமும் அவளைத் தூக்கி சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து மிதிப்பான்.

1986 கடைசியில் அந்த அண்ணனுக்கு விழுப்புரம் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் வேலை கிடைத்தது. பொங்கல் கழிந்ததும் போய் அங்கேயே தங்க வேண்டும். பாஞ்சாலிக்குச் சந்தோஷந்தான். ஆனால் கடையை மூடிவிட்டு வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க அவளால் ஆகாது. அரசாங்க முகாமில் ஊனமுற்றோருக்குக் கொடுக்கிற மூன்று சக்கர வண்டியில் ஏற்கெனவே ஏறிப் பார்த்திருக்கிறாள். இடுப்பு உயரத்தில் சீட்டு. தரையில் இருப்பவளை ஏற்ற ஓர் ஆள், இறக்க ஓர் ஆள் வேண்டும். "தூக்க ஆளு இருந்தா வண்டி எதுக்கு?" என்று அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் விழுப்புரம் ஊனமுற்றோர் சங்கத்துச் செயலாளர் சீனுவாசன் வந்தார்.

"மெட்ராஸ்ல உலக மாநாடு நடக்குதும்மா. பல நாட்டுலேர்ந்து வர்றாங்க. புதுப்புதுக் கருவியெல்லாம் கொண்டாறாங்க. நம்ம பக்கத்துக்கு நீதான் பேசணும்."

அந்த ஊரில் ஊனமுற்றோருக்குக் கூட்டம் என்றால் மேடை இருக்கும், மாலை இருக்கும், முடிவில் தையல் மிஷினோ வண்டியோ கையில் வரும். வேறு மாதிரிக் கூட்டத்தை யார் கண்டார்கள்? முருகையன் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டான். வண்டியை பஸ் மேலே போட்டுக் கட்டக் கிணற்றடித் தாம்புக்கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டான். வெளிநாட்டுக்காரன் நல்ல வண்டியாகத்தான் கொடுப்பான் என்று பாஞ்சாலியும் நம்பினாள். எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் ஆரத்தி கரைத்து வைப்பதாகச் சொல்லி வழியனுப்பினாள்.

மாநாட்டு மண்டபத்து வாசலில் பெரிய பெரிய படிகள். ஊனமுற்றவர்களுக்காக உலகமே கூடுகிற இடத்துக்கு மலைக்கோயில் மாதிரிப் படிக்கட்டு! பாஞ்சாலிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தூக்க ஓடி வந்த தொண்டர்களை, "யாரும் தொடாதீங்க" என்று தள்ளி நிறுத்தி, கைச்செருப்போடு தானே ஏறினாள்.

உள்ளே முருகையன் ஒரு தொண்டரைப் பிடித்தான். "வண்டி எப்ப சார் குடுப்பாங்க?"

"குடுக்கறதில்லைங்க. இதெல்லாம் பார்வைக்கு வெச்சிருக்கறது."

முருகையன் முகம் செத்துப்போனது. "மேடையில அழுவு பாஞ்சாலி. ரெண்டு சொட்டு வுட்டா எரக்கப்பட்டுக் குடுப்பாங்க."

"அழுவுறதுக்கா பஸ் ஏறி வந்தேன்? வாய மூடிக்கினு ஒக்காரு."

அவளுக்கும் ஏமாற்றந்தான். அதை விழுங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

"இங்க வண்டி குடுப்பாங்கன்னு கயிறோட வந்தோம். இல்லேன்னு சொல்லிட்டாங்க. சரி, போவட்டும். நான் கையில செருப்பு போட்டுக்கினு ஒங்க படியில ஏறிட்டேன். எல்லாராலயும் முடியுமா? அடுத்த தபா சாய்வா ஒரு பலகை போட்டு வைங்க. அப்புறம், தரையில ஒக்காந்திருக்கறவ தானா ஏறிக்கிற மாதிரி ஒரு வண்டி இருந்தா காட்டுங்க. குடுக்க வாணாம்."

மொழிபெயர்ப்பவர் அதை இங்கிலீஷில் சொல்லி முடித்த பிறகு வெளிநாட்டுக்காரர்கள் பக்கமிருந்து சிரிப்பும் கைதட்டலும் வந்தன.

பாஞ்சாலி மேடையிலிருந்து இறங்கியதும் ஒருவர் வண்டியைச் சுழற்றிக்கொண்டு எதிரே வந்து நின்றார். மலேசியாவிலிருந்து வந்த தமிழர், சவுரிராயன் என்று பெயர். அவருக்கும் கால்கள் விளங்காது.

"கயிறு கொண்டாந்த தங்கச்சி நீதானா? இத பாரு."

பாஞ்சாலி பார்த்தாள். சீட்டு தரையிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. நெஞ்சுக்கு நேரே கையால் சுற்றுகிற பெடல், அதிலிருந்து முன்சக்கரத்துக்குச் செயின். அவர் கையை ஊன்றிச் சரேலென்று தரையில் இறங்கிக்கொண்டு, "ஏறிப் பாரு" என்றார். ஏறினாள். யாரும் தூக்கவில்லை! மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது அழுகை வந்தது. இப்போது வந்தால் தப்பில்லை என்று விட்டுவிட்டாள்.

இறங்கியதும், "அண்ணா, அந்தக் கயித்தக் கொண்டா ஜல்தி" என்றாள்.

ஊரில் கிணற்று ஆழமும் கூரை நீளமும் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளப்பதுதான் வழக்கம். சீட்டு உயரத்துக்கு ஒரு முடிச்சு, சக்கரத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று. பெடல் தூரத்துக்கு மட்டும் தன் கையை நீட்டி அளந்தாள். சவுரிராயனுக்குக் கை நீளம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஊர் திரும்பினார்கள். ஆரத்தித் தட்டோடு நின்ற கோவிந்தம்மாள், "எங்கடி வண்டி?" என்றாள்.

பாஞ்சாலி கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். "இதுல இருக்குது. சுத்து."

திண்டிவனத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த மொய்தீன் பிச்சை பாய் கயிற்றை முன்னும் பின்னும் புரட்டினார். "என்னம்மா, தலையும் புரியல, வாலும் புரியல. பேஜாரா கீது."

"நான் சொல்றேன், நீங்க இரும்ப வெட்டுங்க பாய்."

முதல் வண்டி குடை சாய்ந்தது. பின்சக்கரங்களை இன்னும் அகலமாகத் தள்ளிப் போட்டதும் சாயாமல் நின்றது.

பொங்கல் கழிந்து முருகையன் கிளம்பிய காலை, பழக்கத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு தங்கையைத் தூக்க வந்தான். அவள் மல்லாட்டைக் கூடையோடு வண்டியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டிரங்குப் பெட்டியைக் கட்டுவதற்காக ஆணியில் தொங்கிய தாம்புக்கயிற்றை எடுத்து முடிச்சை நெம்பினான்.

"அத அவுக்காதண்ணா" என்றாள் பாஞ்சாலி. "பனமலையில ஒரு பொண்ணு இதே மாதிரி வண்டி கேட்டுக்கினு கீது. வேற கயிறு எடுத்துக்கோ. பெட்டிய என் பின்னால வை, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் கொண்டாந்து வுடறேன்."