கம்பி வேலிக்கு முன்னால் சிகிச்சை

உளவளத்துணை படித்தபோது எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், வருபவர் எதைச் சொன்னாலும் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அசையாமல் கதிரையில் இருப்பது என் உடம்புக்கு ஏற்ற வேலை. சமூக நீதியைப் பற்றியும் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். பேசி முடித்தால் ரோல்ஸும் பிளேன்டீயும் தருவார்கள்.

புளியந்தீவில் ஒரு புடவைக்கடைக்கு மேலே என் அறை. அங்கே ஒருநாள், வாவிச் சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கிப் பிழைக்கும் ஒரு அக்கா வந்தார். நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்று ஆஸ்பத்திரியில் காட்டி, அவர்கள் என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

என்னிடமிருந்த மிகச் சிறந்த சரக்கை எடுத்தேன். "கண்ண மூடுங்க அக்கா. மனசுக்கு நிம்மதியான ஒரு இடத்த நினைங்க. என்ன தெரியுது?"

"ஆத்தங்கரை" என்றார். எங்கள் பக்கத்தில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். "கண்ணா மரம் நிக்கிது. தண்ணி முழங்காலளவு."

முகம் இளகியது. மனதுக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன். "அப்பிடியே இறங்கி நடங்க."

"எப்பிடித் தம்பி நடக்கிற?" கண்ணைத் திறந்துவிட்டார். "அங்கதானே கம்பி அடிச்சிரிக்கான்!"

அழத் தொடங்கிவிட்டார். நிம்மதியான இடத்துக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போய் முள்ளுக்கம்பியில் மோதவிட்டவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறகுதான் விஷயம் முழுதாக வந்தது. கரையோரக் காணியை வாங்கிய ஒரு முதலாளி, ஹோட்டல் கட்டுவதற்காக, வாவிக்குப் போகும் ஊர் ஒழுங்கையையும் சேர்த்து அடைத்துவிட்டார். அடுத்த துறைக்குப் போனால் மட்டி விற்ற காசு ஓட்டோவுக்கே சரி. வேறு வழியில்லாமல் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போக அக்கா ஏஜென்சியில் பாஸ்போட் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடம் போகும் மகளை யாரிடம் விடுவது என்ற யோசனையில்தான் நித்திரை போயிருந்தது.

நித்திரை வரவைக்க எனக்கு நாலு வித்தை தெரியும். ஆனால் கம்பியோடு சேர்ந்து நிம்மதியாகத் தூங்க நான் பழக்கினால், அது அக்காவுக்குச் செய்யும் உதவியா, கம்பி அடித்தவருக்கா? கூட்டத்தில் பேசிய சொற்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தன. ரோல்ஸ் தின்றதற்கு வேலை செய்யும் நேரம் வந்துவிட்டது.

"அடுத்த சந்திப்ப அந்த ஒழுங்கையிலயே வைப்பமா?" என்றேன். "ஆனா உங்கட விஷயம் ரகசியம். ஊர் பாக்கும்."

"எனக்கு நித்திரை இல்லையெண்டு ஊருக்கே தெரியும் தம்பி. நான் சாமத்தில முற்றம் கூட்டுற சத்தத்தில அவங்களும் நித்திரை கொள்றல்ல."

புதன்கிழமை பின்னேரம் போனேன். அக்கா பாயோடு நின்றார். பின்னால் மட்டி பொறுக்கும் மற்றப் பெண்களும் தங்கள் தங்கள் பாயோடு. "இவங்களுக்கும் படபடப்பாம்" என்றார். கம்பிக்கு முன்னால், ஒழுங்கை வாயிலிருந்து பாதி ரோட்டு வரைக்கும் பாய் விரித்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டோம். காவல்காரர் வந்து "என்ன இது?" என்று கேட்டார். "வருத்தத்துக்குப் பாக்கிறம்" என்றார்கள். வைத்தியத்தைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை.

கொழும்பில் இருக்கும் என்னை மேற்பார்வை செய்யும் அம்மையாருக்குப் பயந்து பயந்து போனில் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே வேலை போய்விட்டது என்று முடிவுகட்டினேன்.

"மழை வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். மறுவாரம் தறப்பாள் வாங்கினேன்.

புதன்கிழமைகள் தொடர்ந்தன. கம்பியைப் பற்றி ஊரார் கொடுத்த முறைப்பாட்டுக்கு மாதக்கணக்காக "பாப்பம், பாப்பம்" என்று சொல்லிவந்த பிரதேச சபை அதிகாரியின் வீடும் அந்த ரோட்டில்தான். ஒவ்வொரு புதனும் அவர் மோட்டார் சைக்கிளை இறங்கி உருட்ட வேண்டியிருந்தது. "சேர் வாறாரு, காலை மடக்குங்க புள்ளையள்!" என்று அக்கா உரத்துச் சொல்வார். எல்லாக் கால்களும் மரியாதையாக மடங்கும். அவர் காது சிவக்கும்.

ஒரு புதன் முதலாளியே வந்தார். "ஆரு இதுக்குத் தலைவர்?"

எல்லாரும் என்னைக் காட்டினார்கள். எனக்கு அந்த வினாடி வந்த படபடப்புக்கு முன்னால் அக்காவுடையது ஒன்றுமே இல்லை.

"கவுன்சலிங் செய்றவனுக்கு ரோட்டில என்ன வேலை?"

பூனைக்குட்டி போல ஒரு குரல் வந்தது, என்னுடையதுதான். "இவங்கட வருத்தம் இந்தக் கம்பிதான், முதலாளி. வேற எங்க வச்சுப் பாக்கச் சொல்றீங்க?"

"மூச்ச விடுங்க தம்பி" என்று பின்னாலிருந்து அக்கா ஞாபகப்படுத்தினார். அப்போதுதான் அதிகாரியும் வந்து சேர்ந்தார். முதலாளியைப் பார்த்தார், மடங்கத் தயாராக இருந்த கால்களைப் பார்த்தார். "இது ஊர் ஒழுங்கை. கழட்டுங்க" என்றார். என்னைவிடப் பெரிய குரல், நல்லவேளை.

இரண்டு நாளில் கம்பி போய்விட்டது. கழற்றும்போது பெண்கள் குரவையிட்டார்கள். நானும் இட்டுப் பார்த்தேன். நாய் ஒன்று எழுந்து போய்விட்டது.

அக்கா சீலையைத் தூக்கிச் செருகி, தன் போனை என் கையில் தந்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். "வாங்க தம்பி, உங்கட நிம்மதியான இடத்தையும் பாப்பம்!" நானும் காற்சட்டையை மடித்து இறங்கினேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஏஜென்சிக்காரர். பயணம் சரிவந்துவிட்டதாம், ஆள் எங்கே என்று கேட்டார்.

காலால் மட்டியைத் தடவிக்கொண்டே அக்கா திரும்பிப் பார்த்தார். "வேலைக்குப் போயிட்டன் எண்டு சொல்லுங்க!"

"அக்கா வேலைக்குப் போயிட்டா" என்றேன், பூனைக்குட்டிக் குரலில் இல்லை. சொன்ன பெருமையில் ஒரு அடி கூடுதலாக வைத்துவிட்டேன் போல. சேற்றுக்குள் குப்புற விழுந்தேன். ஆனால் போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தேன்.