ஊசி அக்காவின் ஒரே வசனம்

ஊசி அக்காவுக்கு அந்தப் பேர் தையல் கடையால் மட்டும் வந்ததல்ல, வாயாலும் வந்தது. அளவெடுக்கும்போதே ஆளையும் எடைபோட்டு நாலு வார்த்தை குத்திவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை வீதி நாடகக் குழு உடை தைக்க வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய், போனால் போகட்டும் என்று ஒரே ஒரு வசனம் கொடுத்தது. ஒத்திகையில் அக்கா வாயடைத்து நின்றாள். சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

நிறம் பார்த்து ஆளை மட்டம் தட்டுவதற்கு எதிரான நாடகம். மேடை கிடையாது, பார்ப்பவர்களுக்கு அது நாடகம் என்றே தெரியாது. ஒரு கடையில் காவலாளி, கறுப்பு நிறத்தவர் ஒருவரின் பையை மட்டும் கிளறுவான். அக்கா வந்து அந்த நாட்டு பாஷையில் "என் பையையும் பாருங்க" என்று சொல்லவேண்டும். மற்ற இருவரும் அந்த நாட்டு நடிகர்கள், அவர்கள் முகத்தைக்கூட அக்கா பார்த்ததில்லை. போனில் வந்த அளவுக்குக் காவலாளிச் சட்டையை மட்டும் தைத்து அனுப்பியிருந்தாள்.

"இன்னிக்கும் வசனத்தை முழுங்கினீங்கன்னா மெஷின் பக்கமே உக்காந்துக்கலாம், அக்கா," என்றார் இயக்குநர்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குழுவுக்கு முன்னாலேயே கிளம்பிப்போய்க் கடைக்குள் நுழைந்தால், நாடகம் ஆரம்பித்தே விட்டது! காவலாளி, கறுப்பு நிறத்தவர் ஒருவரின் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். காலர் என்ன அழகாக உட்கார்ந்திருக்கிறது, நம்ம கையாச்சே! பூரித்துப்போன அக்கா தன் பையை மேசையில் தடாலென்று கொட்டினாள்.

"என் பையையும் பாருங்க!"

சீப்பு, அளவு டேப், பாதி கடித்த பிஸ்கட் எல்லாம் உருண்டன. பின்னால் நின்ற அம்மாளும் தன் பையைக் கொட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். காவலாளி திருதிருவென முழித்தான்.

பெருமை தாங்காமல் அக்கா சட்டையை மறுபடி பார்த்தாள். ஆறு பொத்தான். அவள் தைத்தது ஐந்து.

அட கடவுளே, இவன் நிஜக் காவலாளி!

பக்கத்தில் நின்ற மனிதர் ரசீதைத் திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். இதைப்போய் நடிப்பென்று ரசித்தோமே என்று வெட்கமாகிவிட்டது.

போன் அடித்தது. இயக்குநர்தான். "எங்க இருக்கீங்க? அதே பேர்ல அடுத்த தெருவுல ஒரு கடை இருக்கே, அங்க போய்ட்டீங்களா? ஓடி வாங்க, உங்களுக்காகத்தான் நிக்கிறோம்!"

காவலாளி அவளுக்கு மட்டும் வாசலைக் காட்டினான், போகலாம் என்று.

"நீங்க ஆரம்பிங்க, தம்பி," என்றாள் அக்கா. "இங்க ஒருத்தரை இன்னும் வெளிய விடலை."

போனை அணைத்துவிட்டு, அந்த மனிதருக்குப் பக்கத்தில் நெருங்கி நின்றுகொண்டாள்.