வேம்புலியின் எட்டு மணி நேரம்

1993 ஏப்ரல் 20, செவ்வாய், காலை எட்டு மணி. மண்ணூர்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனி. அங்கே முயல்களைப் பராமரிக்கும் வேம்புலி, ஆறு முயல்களின் கண்ணில் ஆளுக்கொரு சொட்டு விட்டான். கெமிஸ்ட் ஹில்டா தயாரித்த மருந்து அது. பாட்டிலில் தண்ணீர்போல இருக்கும். கண்ணின் சூடு பட்டதும் கூழாகி ஒட்டிக்கொள்ளும். கண்பாவை சுருங்கியிருக்கும் வரை மருந்து வேலை செய்கிறது என்று கணக்கு. சாதாரணச் சொட்டு மூன்று மணி நேரம் தாங்கும். இது எட்டு மணி நேரம் தாங்க வேண்டும்.

தாங்குமா என்பது வேம்புலிக்கு வீட்டுக் கவலை. மனைவி பேபிக்குக் கண்ணில் அழுத்த நோய், தினமும் நாலு வேளை சொட்டு. அவள் துணி தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெஷினை விட்டு எழுந்தால் திட்டு விழும். வேளை தவறித் தவறி இடது கண் போயிற்று. வலது கண்தான் மிச்சம். அதனால்தான் ஸ்டிரைக்கின் பதினோராம் நாள் அவன் பின்சுவர் ஏறிக் குதித்து வந்திருந்தான்.

இரண்டரை மணிக்கு ஸ்டிரைக் ஆட்கள் கேட்டைச் சாய்த்தார்கள். ஹில்டா பக்கத்து அறையில் தாழிட்டுக்கொண்டாள். இரும்புக் குழாய்களோடு நுழைந்த எட்டுப் பேரில் முதல் ஆள் வேம்புலியின் அக்கா புருஷன், மாத்திரைப் பிரிவுத் தொழிலாளி செங்கல்வராயன்.

“எங்க புள்ளைங்க பட்டினி. நீ மொயலுக்கு மருந்து ஊத்திகினு கீறியா மச்சான்?”

“நாலு மணி வரிக்கும் உடு மாமே. அப்பால என்னை இன்னா வேணா பண்ணிக்க.”

குழாய் அவன் முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. முயல்கள் தலை மட்டும் வெளியே தெரியும் மரப்பெட்டிகளில் இருந்தன, ஓட வழியில்லை. இரண்டைப் பெட்டியோடு நசுக்கினார்கள். மூன்றைப் பின்னங்காலைப் பிடித்துச் சுவரில் அடித்தார்கள். சுண்ணாம்புச் சுவரில் ரத்தம் வழிந்தது. ஆறாவது பெட்டியின் மேல் வேம்புலி கவிழ்ந்து படுத்தான். முதுகில் எத்தனை அடி என்று அவனுக்குத் தெரியாது. மூன்று மணிக்குப் போலீஸ் வந்தது. அவனையும் ஸ்டிரைக் ஆள் என்று நினைத்து லத்தியால் மண்டையில் போட்டது.

ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தான். நாலு மணிக்கு ஹில்டா மிஞ்சிய முயலின் கண்ணில் ஸ்கேலை வைத்து அளந்தாள். காலையில் சொட்டு விடுமுன் ஏழு மில்லிமீட்டர் இருந்த பாவை இன்னும் ஐந்திலேயே சுருங்கி இருந்தது.

“அப்ப பேபிக்குக் குடுக்கலாமா மேடம்?”

ஒரு முயலை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆறும் வேண்டும் என்றாள் ஹில்டா.

அன்று மூடிய கம்பெனி ஜூலையில் திறந்தபோது புதிய முயல்கள் ஆறு வந்தன. மடக்க முடியாத கையோடு வேம்புலி முதல் சொட்டிலிருந்து தொடங்கினான்.