ஊரை விட்டுப் போகாத எங்கள் அப்பா

எங்கள் அன்பு அப்பா நித்திரையிலேயே எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அழுது ஓய்ந்த பிறகு மனதில் மிஞ்சியிருப்பது, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், ஒரு நிம்மதிதான். பார்க்க வேண்டும் என்று தவித்ததைப் பார்த்துவிட்டே அப்பா கண்ணை மூடினார். அந்தக் கதையை இந்த நினைவு மலரைப் பெறும் உறவுகளுக்குச் சொல்வது மகளாகிய என் கடமை.

அப்பா செட்டிபாளையத்தில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் பிறந்தவர். அப்பப்பாவின் அரிசி ஆலை வாவிக்கரையில் இருந்தது. அக்கரையில் படுவான்கரை வயல் வட்டைகளில் விளைந்த நெல் அங்கே வந்துதான் அரிசியானது. அப்பப்பா திடீரெனக் காலமானதும் அப்பா படிப்பைப் பாதியில் விட்டு ஆலைக்குள் இறங்கினார். பிறகு நகரத்தில், புளியந்தீவில் கடை, ஊர் ஊராக அரிசி கொண்டுபோகும் லொறிகள் என்று செல்வம் பெருகியது. அவரோ மாறவில்லை. புதுச் சேர்ட்டை அலுமாரிக்குள் வைத்துப் பழசாக்கிவிட்டுத்தான் உடுப்பார் என்று அம்மா கேலி செய்வார். கோபம் மட்டும் மூக்கு நுனியிலேயே இருக்கும். அது வந்த வேகத்தில் போயும்விடும்.

சுனாமி வந்த காலையில் அப்பா ஆலையில் நின்றார். கடற்கரைப் பக்கமிருந்து ஆட்கள் அலறியபடி ஓடி வந்தார்கள். அப்பா என்ன ஏது என்று விசாரிக்கவே இல்லை. நின்ற லொறிகளையெல்லாம் அந்தத் திசைக்கே அனுப்பினார். முதல் லொறியை ஓட்டிப் போனவர் எங்கள் சாரதி, காத்தான்குடி இஸ்மாயில் நானா. ஈர உடுப்போடும் கைக்குழந்தைகளோடும் வந்து இறங்கியவர்களுக்கு நிற்கவே இடமில்லை. களஞ்சியம் நிறைய நெல் மூட்டைகள். அவற்றை முற்றத்துக்கு இழுத்துப் போடச் சொன்னார் அப்பா.

"முதலாளி, மழை இருட்டிக்கிட்டு வருது. நெல்லெல்லாம் நனைஞ்சிரும்" என்றார் நானா.

"நெல்லு நனையட்டும் நானா. புள்ளையள் நனையக் கூடாது."

அன்றிரவு கொட்டிய மழையில் மூட்டைகள் ஊறி, சில நாளில் முளையும் விட்டன. அப்பா அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அரிசி மூட்டைகளை அவிழ்த்துக் கஞ்சி காய்ச்சுவதிலேயே நின்றார்.

வீடிழந்தவர்களுக்கு வாவிக்கரையில் இருந்த தென்னங்காணியைப் பிரித்துக் கொடுக்க நினைத்தார். அது அம்மாவின் சீதனக் காணி. எங்கள் பக்க வழக்கப்படி எனக்கு வர வேண்டியது. அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. "அது மகள்ட காணி. குடுக்க நீங்க ஆர்?" என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். "குடுங்க அப்பா" என்றேன். அம்மாவும் இறங்கி வந்து, "அப்பிடியெண்டா ஒவ்வொரு வீட்டையும் பொம்பிளையள்ட பேரிலதான் எழுத வேணும்" என்றார். அப்படியே எழுதப்பட்டது. ஆலை வருமானத்தில் வீடுகள் எழும்பின. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு ஒரு விடுதியும் எழும்பியது.

வீடுகள் கட்டி முடியும் தறுவாயில் என் தம்பி காணாமற்போனான். வகுப்புக்குப் போனவனை ஆயுதம் ஏந்தியவர்கள் சண்டைக்கென்று பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பா ஏறாத வாசல் இல்லை. "ஊருக்கெல்லாம் செய்த மனிசனுக்கா இப்பிடி?" என்று கேட்டவர்களிடம், "ஒண்டை எதிர்பாத்தா செய்தன்?" என்று மட்டும் சொன்னார். விடுதிப் பிள்ளைகளின் சோற்றுக்கு ஒரு நாளும் குறை வைக்கவில்லை. அக்கரையில் ஷெல் விழுந்து சனங்கள் வாவியைக் கடந்து வந்தபோது ஆலைக் கதவு மறுபடி அவர்களுக்குத் திறந்தது.

கனடாவிலிருந்து மாமா பேசினார். "அத்தான், எல்லாத்தையும் வித்துப்போட்டு இஞ்ச வாங்க."

"நான் வெளிக்கிட்டா, மகன் வந்து எந்தக் கதவைத் தட்டுவான்?" என்று கேட்டார் அப்பா.

யுத்தம் முடிந்தது. மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. பிறகு, சரணடைந்தவர்களை அடைத்து வைத்திருந்த வவுனியாப் பக்கத்து முகாமில் தம்பியைக் கண்டதாக ஒருவர் வந்து சொன்னார். அப்பா, அம்மா, நான் மூவரும் புறப்பட்டோம்; இஸ்மாயில் நானாதான் வாகனம் ஓட்டினார். கம்பி வேலிக்கு அப்பால் வந்து நின்றவனை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு மெலிந்திருந்தான். அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன கேட்பது என்று தெரியாமல்தானோ, தம்பி கேட்டான்:

"அப்பா, கட்டின வீடுகளுக்கு ஆக்கள் வந்திட்டாங்களா?"

"எல்லாரும் வந்திட்டாங்க மகன். நீதான் மிச்சம்."

அவனும் வந்தான். விடுதலையாகி அவன் வீட்டுப் படியேறிய அன்று அப்பா பகல் முழுக்கத் தூங்கினார். அதற்கு முன் அப்பா பகலில் தூங்கி நான் கண்டதில்லை. பிறகு ஆலையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, புது மெஷின் வாங்குவதா பழசைத் திருத்துவதா என்று அவனோடு நாள்தோறும் சண்டை பிடித்தார். சண்டை பிடிக்க மகன் இருக்கிறான் என்ற சந்தோசம் அந்தக் குரலில் கேட்கும். ஆனால் எங்கள் வீதியில் பிள்ளைகள் இன்னும் திரும்பாத வீடுகள் இருக்கின்றன. அந்தத் தாய்மாரின் முன்னால் அப்பா தம்பியோடு சிரித்துப் பேசியதே இல்லை. அந்த வீடுகளின் துக்கத்தையும் இம்மலரில் நினைத்துக்கொள்கிறோம்.

கடைசிக் காலத்தில் அப்பாவைக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், வீட்டாளாகவே நின்ற இஸ்மாயில் நானா குடும்பத்துக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறாக்கிக் கொண்டுவந்த தென்னங்காணிப் பெண்களுக்கும், விடுதியில் வளர்ந்து தூர இடங்களிலிருந்து ஓடி வந்து பாடை சுமந்தவர்களுக்கும், கடல் கடந்து துயர் பகிர்ந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி.

தம்பி, உனக்கும். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க நீ இருந்தாய்.

அன்பு மகள்