கடிகாரத்தில் நாலாவது கோடு

போன மாதம் என் சம்பந்தி திடீரென்று எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். நேராக ஹாலுக்குள் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றினார். கையோடு கொண்டுவந்திருந்த துணிப்பையில் அதைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

காபி? குடிக்கவில்லை. தண்ணீர்? தொடவில்லை.

"வாரேன்மா" என்று என் மனைவி ராஜத்திடம் மட்டும் சொன்னார். என்னிடம் அதுவும் கிடையாது.

காரணம் நான்தான். இன்னும் சரியாகச் சொன்னால், நான் புதிதாகக் கற்றுக்கொண்ட ரோமன் எண்கள்.

என்னைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியுமே... கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்க்காமல் உள்ளே விட மாட்டேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் 'இந்தா கிளம்பிருச்சு' என்று கண்டக்டர் சொன்னால், டிரைவர் சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். அப்படிப்பட்டவனை ஒரு வாசகர் மடக்கிவிட்டார். குளத்தூர்க்காரர். ஒரு பழைய பள்ளிக்கூட குரூப் போட்டோவைப் பற்றி இதே பக்கத்தில் எழுதியபோது, அதன் அடியில் இருந்த IX என்பதைப் பதினோராம் வகுப்பு என்று எழுதியிருந்தேன். 'அது ஒன்பது அண்ணாச்சி' என்று ஒரு கார்டு போட்டிருந்தார். ஒரே வரி. அதற்கு மேல் எழுதக்கூட என்னைத் தகுதியானவனாக அவர் நினைக்கவில்லை.

ஏன் அப்படி எழுதினேன்? பழக்கம்தான். எங்கள் பக்கம் தண்ணீர் கேன் வந்து இறங்கினால் வாசல் சுவரில் ஒரு கோடு போடுவோம். ஒரு கேனுக்கு ஒரு கோடு. நாலு கோடு நின்றால், ஐந்தாவதைக் குறுக்கே இழுப்போம். கோட்டை இந்தப் பக்கம் போட்டாலும் அந்தப் பக்கம் போட்டாலும் ஒன்று ஒன்றுதான். எனவே பத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு நின்றால் பதினொன்று. இதில் என்ன தப்பு?

தப்புதான் என்று தெரிந்தபிறகு சும்மா இருக்க முடியுமா? தீப்பெட்டி ஊர்க்காரனுக்குக் குச்சிக்கா பஞ்சம்? ஒரு பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் கொட்டி, செல்போனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். ஒரு குச்சி ஒன்று. இரண்டைச் சாய்த்து வைத்தால் ஐந்து. குறுக்கே போட்டால் பத்து.

கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள எனக்கு அந்த எண்களின் மேலேயே சந்தேகம் வந்தது. ஐந்துக்கு வலது பக்கம் நிற்கிற குச்சி ஒன்றைக் கூட்டுகிறது. அதே குச்சி இடது பக்கம் போனால் ஒன்றைக் குறைக்கிறது. நிற்கிற இடத்துக்குத் தகுந்தபடி குணம் மாறுகிற ஆளை எப்படி நம்புவது? போதாததற்கு, இரண்டோடு ஒரு கோட்டைச் சேர்த்து இழுத்தால் மூன்று. எவன் வேண்டுமானாலும் திருத்தலாம். பூஜ்யம் என்று ஒன்று கிடையவே கிடையாது!

"சாப்பாட்டுத் தட்டு வைக்க இடம் இல்ல. ரோமாபுரிக்காரங்க சாப்பிடவே மாட்டாங்களா?" என்றாள் ராஜம்.

நான் நாலில் இருந்தேன். நாலு என்றால் IV. ஐந்துக்கு முன்னால் ஒரு கோடு. மனதில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்து ஹால் கடிகாரத்தைப் பார்த்தேன்.

மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் IIII என்று நின்றது. நாலு கோடு!

அந்தக் கடிகாரம் எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்குச் சம்பந்தி கொடுத்த அன்பளிப்பு. கீழே அவர் பெயர், அவர் மனைவி பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் தங்க எழுத்தில் இருக்கும். மூன்று வருடமாக அதைப் பார்த்துத்தான் நாலு மணிக்குக் காபி குடிக்கிறேன். ஒரு நாளும் உறுத்தியதில்லை. வாசல் சுவரில் கேனுக்குப் போட்ட கோடு மாதிரியே இருந்ததால் உறுத்தவில்லை போலிருக்கிறது. இப்போது படித்துவிட்டேன் அல்லவா? உறுத்தியது.

சம்பந்திக்குப் புதியம்புத்தூரில் ரெடிமேட் தையல் யூனிட். பட்டன் மாறினது, பிரிண்ட் இழுத்தது என்று கழிக்கிற உருப்படியை அங்கே ரிஜெக்ட் பீஸ் என்பார்கள். அடிமாட்டு விலைக்குப் போகும். என் மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டது. மகள் மாலதிக்குப் போன் செய்தேன்.

"உங்க மாமா கொடுத்த கடிகாரம் ரிஜெக்ட் பீஸு போலிருக்கேம்மா. நாலையே தப்பா அடிச்சிருக்கான். மலிவா கிடைச்சிருக்கும்... வாங்கி மாட்டிட்டாரு!"

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். சிரித்து முடிப்பதற்குள் லைன் கட்டானது.

பத்து நிமிடம் கழித்து அவளே கூப்பிட்டாள். மாடியில் நின்று பேசுகிறாள் என்பது காற்றுச் சத்தத்தில் தெரிந்தது. "அப்பா, நான் காய் நறுக்கிட்டு இருந்தேன். போனு ஸ்பீக்கர்ல கிடந்துச்சு. மாமா பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாவ. அப்படியே எந்திரிச்சுப் போயிட்டாவ. ஏன்பா இப்படிச் செய்யுதீங்க?"

மறுநாள் காலையில்தான் அவர் வந்து கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்.

மாலதிக்கு அது ஏழாவது மாதம். பன்னிரண்டு நாளில் அவர்கள் வீட்டில் வளைகாப்பு. நாங்கள் போய் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். அந்த வீட்டில் இனி எந்த முகத்தோடு காலை வைப்பது? போனாலும், சிரித்து அனுப்புவார்களா? ராஜம் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். மேஜையில் கிடந்த தீக்குச்சிகளை எல்லாம் பொறுக்கி அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டாள்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா? இல்லை. என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நிரூபிக்கச் சாட்சி தேடிக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு அருகே கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமலே நான் சொன்னதைக் கேட்டார். பிறகு தலைக்கு மேலே சுவரைக் காட்டினார்.

ரோமன் எண் போட்ட கடிகாரங்கள் ஏழு. ஏழிலும் நாலு கோடு.

"காலங்காலமா இப்படித்தான் வருது அண்ணாச்சி. நூத்துல ஒண்ணு ரெண்டு மாத்தியும் வரும். எதிர்ல எட்டு அகலமா இருக்குல்லா, அதுக்குச் சமமா இருக்கட்டும்னு போட்டதா ஒருத்தர் சொன்னாரு. நெசமா என்னன்னு எனக்குத் தெரியாது."

இவரும் சம்பந்திக்கு வேண்டியவரோ? சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இன்னும் இரண்டு கடை ஏறினேன். வாட்ச் வாங்குவது போல நின்று பார்த்தேன். நாலு கோடு... நாலு கோடு. மூன்றாவது கடையை விட்டு இறங்கியபோது வெட்கமாக இருந்தது. மூன்று வருடமாக நேர்மையாக ஓடிய கடிகாரத்தையும் அதைக் கொடுத்த மனுஷனையும் அரைகுறைப் படிப்பை வைத்துக்கொண்டு அசிங்கப்படுத்தியிருக்கிறேன்.

மறுநாளே பழமும் சேவும் வாங்கிக்கொண்டு புதியம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி யூனிட் வரை நடப்பதற்குள் கரிசல் மண் செருப்பில் அப்பி, இரண்டு கிலோ கூடிவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போகிறவனுக்கு அது சரியான நடைதான்.

சம்பந்தி கட்டிங் மேஜை அருகே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனாலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க அண்ணாச்சி, உட்காருங்க. நானே நாளைக்கு வரணும்னு இருந்தேன்."

அலமாரியிலிருந்து கடிகாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். கண்ணாடியைக் கழற்றி, முகப்பைத் தனியாக எடுத்து, சட்டைக்குப் பிரிண்ட் போடுகிற ஆளை வைத்து வேலை பார்த்திருக்கிறார். நாலு கோடு இருந்த இடத்தில் இப்போது அழகாக ஒரு IV.

"சரி பண்ணிட்டேன். இருபது வருசமா தொழில் பண்ணுதேன், ஒரு ரிஜெக்ட் பீஸை நல்ல சரக்கோட சேத்து விட்டதில்ல. சம்பந்தி வீட்டுக்கே கொடுத்திருக்கேனேன்னு நெனைச்சு ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்ல அண்ணாச்சி. உங்க மூஞ்சியில முழிக்கவே கூச்சமா இருந்துச்சு. அதான் அன்னைக்கு ஒண்ணும் பேசாம வந்துட்டேன்."

கோபம் இல்லை. மனுஷன் வெட்கப்பட்டிருக்கிறார்!

"கடையில கேட்டுப் பாத்தீங்களா?" என்றேன்.

"எதுக்குக் கேக்கணும்? நீங்க எழுதுதவரு. தெரியாமலா சொல்லுவீங்க?"

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இந்த அளவுக்கு எதுவும் வலித்ததில்லை. நான் ஊரில் ஒருத்தர் விடாமல் சந்தேகப்பட்டேன். இந்த மனுஷன் என் வாய்ச்சொல்லை நம்பிக் கடிகாரத்தையே பிரித்துவிட்டார்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன். யோசித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைகள் ஏறி இறங்கியதை, ரிப்பேர்க்காரரை, அவர் மேலும் சந்தேகப்பட்டதை... ஒன்று விடவில்லை. "தப்பு என் மேலதான் சம்பந்தி. மன்னிச்சுக்கிடுங்க" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்போ... இப்பதான் இது ரிஜெக்ட் பீஸா?"

முதலில் சிரித்தது, பக்கத்து மேஜையில் நின்ற அந்தப் பிரிண்ட் போட்ட ஆள். பிறகு சம்பந்தி. அவர் சிரித்த சத்தத்தில் யூனிட்டை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து மாலதி எட்டிப் பார்த்தாள். எங்கள் இருவரையும் பார்த்தவள் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பன்னிரண்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தது நான் மட்டும் இல்லை போலிருக்கிறது.

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. மகள் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். கடிகாரமும் பழைய ஆணியிலேயே தொங்குகிறது. பழையபடி போட்டுத் தருகிறேன் என்று சம்பந்தி எவ்வளவோ சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்த IV அங்கேயே இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நான் அதைப் பார்க்க வேண்டும்.

பார்க்கிறேன். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, காபியோடு.

அந்தக் காபிதான் கொஞ்ச நாளாகத் தண்ணியாக இருக்கிறது... ராஜம் பாலைக் குறைத்துவிட்டாளோ?